நிலாவெளிக்கு வடக்கே பாறையேற்றமும் கூடாரத் தங்கலும்: கயிற்றை முடிவு செய்த பின்னரே பயணம்

கேள்வி: திருகோணமலை நகரில் வசிக்கிறேன். கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் ஐந்து நண்பர்களோடு, ஆகஸ்ட் மாதப் போயா (முழுநிலவு நாள்) விடுமுறையை ஒட்டி, நிலாவெளிக்கு வடக்கே கடற்கரையில் இரண்டு இரவுகள் கூடாரமிட்டுத் தங்கி, அருகிலுள்ள 12 மீற்றர் உயரமான பாறையொன்றில் ஏற விரும்புகிறோம். எங்களில் ஒருவருக்கு மட்டும் உள்ளரங்கச் செயற்கைச் சுவரில் ஏறிய பழக்கம் உண்டு. மீன்பிடிப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய, இன்னும் பயன்படுத்தாத 14 மில்லிமீற்றர்க் கயிறு ஒன்றும் இருக்கிறது. இந்த ஏற்பாடு போதுமா?

பதில்: கூடாரத் தங்கலுக்கு உங்கள் ஏற்பாடு ஏறக்குறையப் போதும், பாறையேற்றத்துக்குப் போதாது. இரண்டையும் ஒரே பயணமாக எண்ணுவதால் ஒன்றுக்குரிய துணிவு மற்றதற்கும் வந்துவிடுகிறது என்பதே எனக்குள்ள கவலை. ஆகவே கயிற்றிலிருந்து தொடங்குகிறேன்.

படகு கட்டும் கயிறு தடிப்பாக இருப்பதால் பலமானதாகத் தோன்றும்; நிலையான பாரத்தைத் தாங்கும் வகையில் அது பலமானதுதான். ஆனால் விழும் மனிதரைத் தாங்குவது பாரத்தைத் தாங்குவது போன்றதன்று. விழுகின்ற உடலின் வேகத்தைக் கயிறு தன் நீட்சியால் சிறிது சிறிதாக உள்வாங்க வேண்டும். அவ்வாறு உள்வாங்காத கயிறு அந்த அதிர்ச்சி முழுவதையும் இடுப்புப் பட்டிக்கும், முதுகெலும்புக்கும், மேலே கட்டிய கட்டுக்கும் அனுப்பிவிடும். பாறையேற்றத்துக்கென நைலோனில் நெய்யப்படும் நீள்கயிறு, 80 கிலோகிராம் எடையை விழவிட்டுச் செய்யும் தரச் சோதனையில் 40 சதவீதம் வரை நீளலாம் என்றும், அப்போது எழும் விசை 12 கிலோநியூட்டனை, அதாவது ஏறத்தாழ 1,200 கிலோகிராம் பாரத்தின் இழுப்பை, தாண்டக்கூடாது என்றும் ஐரோப்பியத் தரம் வரையறுத்துள்ளது. மீன்பிடிக் கயிற்றுக்கு அத்தகைய சோதனை எதுவும் இல்லை. மேலும் அது பெரும்பாலும் பொலிபுரொப்பிலீனால் ஆனது. வெயிலில் விரைவாக நலிவடையும். ஏறத்தாழ 165 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். உராய்வினால் எழும் சூடு அந்த அளவை எட்டுவது அரிதன்று. கூடாரத்தை இழுத்துக் கட்டவும் துணி உலர்த்தவும் அந்தக் கயிறு மிக நன்று. அதற்கே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முறை ஏறுவோருக்கு நான் பரிந்துரைக்கும் ஒரே முறை மேற்கயிறு முறையாகும். பாறையின் பின்பக்கமாக நடந்து உச்சிக்குச் சென்று, அங்கே கயிற்றைத் தாங்கும் ஒரு கட்டுமானத்தை அமைத்து, அதனூடாகக் கயிற்றைக் கீழே விட்டு, ஒரு முனையை ஏறுபவர் தமது பட்டியில் எட்டு வடிவ முடிச்சால் பிணைத்துக்கொள்ள, மறுபக்கத்தைக் கீழே நிற்பவர், கயிறு ஓடாமல் பிடித்து நிறுத்தும் தடுப்புக் கருவியினூடாக இறுக்கிக்கொண்டே வருவதே அந்த முறை. இதில் கை தவறினால் ஏறுபவர் ஓரிரு சாண் அளவே இறங்குவார். ஆனால் உச்சிக் கட்டுமானம் ஏறுபவரின் எடையையும், அவரைப் பிடித்திருப்பவரின் எதிரிழுப்பையும் சேர்த்துச் சுமப்பதால், 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் தொங்கும்போது 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் அங்கே விழும். ஆகவே மேலே ஒரே இடத்தில் கட்டுவதை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும் வகையில் தனித்தனி இரண்டு பிடிமானங்கள் வேண்டும். அவற்றிலிருந்து வரும் இரு நைலோன் பட்டிகளுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகைக்குள் இருக்க வேண்டும். அக்கோணத்தில் ஒவ்வொன்றும் பாரத்தின் 58 சதவீதத்தைச் சுமக்கும். 120 பாகைக்கு விரிந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் சுமக்கும். இரண்டு இடத்தில் கட்டிவிட்டோம் என்ற நிம்மதி அப்போது வெறும் தோற்றமாகிவிடும்.

பிடிமானத்துக்கு மண்ணில் ஆழ வேரூன்றிய, உயிருள்ள, தொடையளவு பருமனான பாலை அல்லது வீரை மரத்தின் அடிப்பகுதி உகந்தது. வெடிப்பில் முளைத்த மரம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். கயிற்றை மரத்தையோ நைலோன் பட்டியையோ நேரடியாகச் சுற்றி ஓடவிடக் கூடாது. பூட்டுள்ள உலோகக் கொளுக்கியினூடாகவே ஓடவேண்டும், ஏனெனில் நைலோன் மீது நைலோன் ஓடினால் ஒன்று மற்றதை எரித்து அறுத்துவிடும். பாறை விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் தடித்த சாக்கையோ கம்பளத்தையோ விரித்துக் கட்டிவையுங்கள்.

யாரோ முன்னர் பாறையில் துளையிட்டுப் பதித்த இரும்பாணிகள் கண்ணில் பட்டால் அவற்றை நம்பவே வேண்டாம். கடற்காற்றின் உப்பும் வெப்பமும் சேரும்போது துருப்பிடிக்காத உருக்குகூட வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே நுண்விரிசல் கண்டு, கையளவு இழுப்பிலேயே முறியக்கூடும். தாய்லாந்தின் கிராபி மாகாணக் கரையில் இந்தக் காரணத்தாலேயே பழைய ஆணிகளை அகற்றி டைட்டானியம் ஆணிகளைப் பதித்தார்கள். உங்கள் கொளுக்கிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு பருவகாலம் முழுவதும் படகுப் பெட்டியில் கழுவாமல் விட்ட எனது கொளுக்கியொன்றின் வாய் பின்னர் மூடவே இல்லை. ஒவ்வொரு மாலையும் நன்னீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

நமது கரையோரப் பாறைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகள்; உட்பகுதி உறுதியானது, ஆனால் மேற்பரப்பு வெயிலிலும் உப்பிலும் வெங்காயத் தோல்போலச் செதில் செதிலாகக் கழலும். பிடிக்குமுன் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான ஒலி வந்தால் அந்தப் பிடியை விட்டுவிடுங்கள். தலைக்கவசம் ஏறுபவருக்கு மட்டுமன்றி, கீழே கயிறு பிடிப்பவருக்கும் வேண்டும். கழன்ற கல் முதலில் தேடிவருவது அவரையே. மலைத்தேனீக் கூடோ குளவிக் கூடோ தென்பட்டால் அன்று அந்தப் பாறையை விட்டு விலகுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, மேற்கு நோக்கிய முகப்பைத் தேர்ந்து, காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பது நல்லது. அந்த வேளையில் வெயில் பாறையின் மறுபக்கத்தில் இருக்கும். கடலை நோக்கிய கிழக்கு முகப்போ சூரியன் எழுந்த கணத்திலிருந்தே கொதிக்கும்.

எந்தப் பாறையில் ஏறலாம் என்பதும் முக்கியமானது. கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையையும் இராவணன் வெட்டையும் யாரும் ஏறுவதற்குரிய பாறைகளாக எண்ணக் கூடாது, அவை வழிபாட்டிடம். அதுபோல் சிதைவுகள், கல்வெட்டுகள், படிகள் காணப்படும் குன்றுகள் தொல்பொருள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே இரவு தங்குவதற்கு இடமில்லை. மற்ற இடங்களுக்கு அப்பகுதிக் கிராம அலுவலரை முதலில் சந்தியுங்கள். காணி யாருடையது, வனவளத் திணைக்களத்தின் எல்லை எதுவரை என்பதை அவர் சொல்வார். போர் நடந்த மாவட்டம் நமது மாவட்டம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஊரவர் நடமாடாத பற்றைக்காட்டுக்குள் பாறை தேடிச் செல்லவே வேண்டாம்.

கூடாரத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நமது கரை வறண்டிருக்கும்; கச்சான் காற்று மேற்கிலிருந்து நிலத்தின் வெப்பத்தைச் சுமந்துகொண்டு வீசும். எனவே கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் மேற்கே இருக்கட்டும். மணலில் சாதாரண முளைகள் நிற்பதில்லை. மணல் நிரப்பிய பைகளை முழங்கையளவு ஆழத்தில் குறுக்காகப் புதைத்து அவற்றில் கயிற்றைக் கட்டுங்கள். அதே கச்சான் காற்று கடலில் மிதக்கும் எதையும் கரையிலிருந்து அப்பால் தள்ளும் என்பதால், காற்றடைத்த மெத்தையோடு யாரும் நீரில் இறங்க வேண்டாம்.

எந்த இடத்தில் அடிப்பது என்பதற்கு அடம்பன் கொடியே வழிகாட்டி. வழக்கமான அலை எட்டாத இடத்திலேயே அது படர்ந்து செழிக்கும். அதை மிதிக்காமல் அதற்கும் பின்னால் சென்று கூடாரம் அடியுங்கள். நமது கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை எனினும், நீங்கள் தெரிவு செய்த போயாவை ஒட்டி அது வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அத்தோடு, வெறுமையாகக் கிடக்கும் கரையெல்லாம் வெறுங்கரை அல்ல. கரைவலை இழுக்கும் பாடுகள் (வலை இழுப்பதற்கென உள்ள இடங்கள்) அங்கே உண்டு. விடியுமுன் வலை இழுக்க வரும் தொழிலாளர்களின் பாதையில் உங்கள் கூடாரம் நின்றால் ஒரு நாள் உழைப்பு கெட்டுவிடும். மாலையிலேயே வாடியில் (மீனவர் குடிசையில்) இருப்பவர்களிடம் கேட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். அன்பாகக் கேட்டால் கடலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் அவர்களே சொல்லித் தருவார்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்று கணக்கிட்டு வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். கரைக்கு மேற்கே உள்ள காடுகளில் யானை நடமாட்டம் உண்டு; பழம், அரிசி, உப்பு ஆகியவற்றைக் கூடாரத்துக்குள் வைத்து உறங்காதீர்கள். வெறும் மணலில் பாய் விரித்து உறங்கவும் வேண்டாம். இரவில் உறங்குபவரைத் தேடிவந்து கடிப்பது போலக் கண்டங்கருவளை என்னும் நச்சுப் பாம்பு படுக்கைக்குள் நுழைவதுண்டு. அதன் கடி வலியே இல்லாமலும் இருக்கலாம். அடித்தளம் தைத்த, முழுவதும் மூடக்கூடிய கூடாரம் அதற்கு நல்ல காப்பு. கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும். ஆனால் மணற்பாதையில் அது எதுவரை வரமுடியும் என்பதை முதல் நாள் பகலிலேயே நடந்து பார்த்து, வீதிக்கு அருகிலுள்ள அடையாளம் ஒன்றை ஆறு பேரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் நண்பரைப் பற்றி. உள்ளரங்கச் சுவரில் பழகியவருக்கு முடிச்சும் தடுப்புக் கருவியும் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே உச்சிக் கட்டுமானத்தை வேறொருவர் அமைத்து வைத்திருப்பார். இயற்கைப் பாறையில் தாமே கட்டுமானம் அமைத்துப் பழகிய ஒருவர் உங்களோடு வரச் சம்மதித்து, தரமான கயிறும், ஆறு தலைக்கவசங்களும், இடுப்புப் பட்டிகளும் கிடைத்தால், அந்த 12 மீற்றர்ப் பாறையில் இரண்டு காலைகளும் மகிழ்ச்சியாக ஏறுங்கள். கயிறு குறைந்தது 30 மீற்றர் நீளம் இருக்கட்டும், அதன் கடைமுனையில் ஒரு முடிச்சும் இருக்கட்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் கயிற்றைக் கூடாரத்தோடு நிறுத்திக்கொண்டு, பாறையின் பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய்ப் போயா நிலவு கடலில் எழுவதை ஆறு பேரும் பார்த்துவிட்டு, நல்ல வெளிச்சக் கருவிகளோடு அதே வழியால் இறங்குங்கள்.