ஐந்து மாதச் சம்பளம் கொடுத்து இந்தச் சான்றிதழை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 28. ஒரு நடுத்தர நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மென்பொருள் துறைக்கு மாற வேண்டும் என்று இரண்டு வருடமாக இரவு நேரத்தில் ஆன்லைனில் கோடிங் படித்துவருகிறேன். பைத்தான், எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), வெப் டெவலப்மென்ட் என்று இதுவரை 11 சான்றிதழ்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் எங்கே விண்ணப்பித்தாலும் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை. இப்போது ஒரு நிறுவனம் ஆறு மாதப் பயிற்சி தருவதாகச் சொல்கிறது. முடித்தால் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சான்றிதழ் கிடைக்கும். கட்டணம் என்னுடைய ஐந்து மாதச் சம்பளம். 24 தவணையில் கட்டலாம், வட்டி வருடத்துக்கு 10 சதவீதம்தான் என்கிறார்கள். இந்த வார இறுதிக்குள் சேர்ந்தால் தள்ளுபடியும் உண்டாம். என் கையில் நான்கு மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது. அதை எடுத்து முன்பணம் கட்டிவிட்டு, மீதியைத் தவணையில் போடலாமா? இந்த மாதிரிச் சான்றிதழுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா?

பதில்: வார இறுதி என்று கெடு வைத்திருக்கிறார்கள், அதனால் பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சேமிப்பைத் தொடவே தொடாதீர்கள். வேலை மாற நினைக்கிறவருக்கு அந்த நான்கு மாதப் பணம்தான் காப்பு. புது இடத்தில் முதல் சம்பளம் தள்ளிப் போகலாம், அந்த வேலை மூன்று மாதத்தில் ஒத்துவராமலும் போகலாம். அப்போது வீட்டுச் செலவுக்கு அதுதான் கைகொடுக்கும். தள்ளுபடி போனால் போகட்டும். கெடு வைத்துக் கொடுக்கும் தள்ளுபடி வேறொரு பெயரில் திரும்ப வந்துவிடும்.

அடுத்து அந்த 10 சதவீதம். 24 மாதமும் முழுத் தொகைக்கே 10 சதவீதம் போடுகிறார்களா, அல்லது நீங்கள் கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் போடுகிறார்களா என்று கேளுங்கள். முழுத் தொகைக்கு என்றால் 100 வாங்கி 120 கட்டுகிறீர்கள், மாதம் 5. ஆனால் அந்த 100 இரண்டு வருடமும் உங்கள் கையில் இருப்பதில்லை, மாதாமாதம் கரைந்துகொண்டே போகிறது. குறையும் பாக்கிக்கான வட்டியாக மாற்றிப் பார்த்தால் அது ஏறக்குறைய 18 சதவீதம். இதைச் சொல்லாமல் '10 சதவீதம்தான்' என்று சொல்வது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். முன்பணம் இல்லாமல் எல்லாவற்றையும் தவணையில் போட்டால், ஐந்து மாதச் சம்பளம் ஆறு மாதச் சம்பளமாகிவிடும். 24-ஆல் வகுத்தால், இரண்டு வருடத்துக்கு ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்தில் கால் பங்கு தவணைக்குப் போகும். படிப்பு ஆறு மாதம், வேலை தேட மூன்று மாதம் என்று வையுங்கள். புது வேலையில் 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது என்றும் வையுங்கள். அந்தக் கூடுதல் பணம் சேர்ந்து ஆறு மாதச் சம்பளமாக 20 மாதம் ஆகும். ஆக, எல்லாம் நினைத்தபடி நடந்தாலே போட்ட பணம் திரும்ப வர 29 மாதம். வேலை கிடைப்பதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்றால், இந்தக் கணக்கில் யாரும் கடன் வாங்கிப் பணம் போட மாட்டார்கள்.

சரி, நீங்கள் கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழுக்கு மதிப்பு உண்டா? எல்லாமே ஒரே பெயரில் விற்கப்படுவதால்தான் குழப்பம். வீடியோக்களை ஓடவிட்டு, இடையில் வரும் சின்னக் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் தானாக வந்து விழும் சான்றிதழ், 'இவர் இந்தப் பாடத்தை முடித்தார்' என்று மட்டும் சொல்கிறது. பதிலை நீங்கள்தான் எழுதினீர்களா, பக்கத்தில் இருந்தவர் சொன்னாரா என்று அதற்குத் தெரியாது. வேலைக்கு எடுப்பவருக்கும் இது தெரியும். அமேசான் கிளவுட் (இணையம் வழியாகக் கணினி வசதியை வாடகைக்குத் தரும் சேவை), சிஸ்கோ (நெட்வொர்க் கருவிகள் செய்யும் நிறுவனம்) போன்றவற்றின் தேர்வுகள் வேறு ரகம். கண்காணிப்பில் உட்கார்ந்து எழுத வேண்டும், தோற்கவும் வாய்ப்பு உண்டு, தேறினாலும் மூன்று வருடத்தில் காலாவதியாகும். அதனால் கிளவுட், நெட்வொர்க் வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது அவற்றைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் என்பவர் 1973-ல் எழுதிய கட்டுரை. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். வேலை கொடுப்பவருக்கு உங்கள் திறமை நேரடியாகத் தெரியாது, ஏதாவது ஓர் அடையாளத்தை வைத்துத்தான் ஊகிக்கிறார். திறமை இல்லாதவருக்கு எட்டாத, அல்லது எட்டுவதற்கு ரொம்பச் சிரமமான அடையாளம்தான் அவருக்கு உதவும். எல்லோருக்கும் சுலபமாகக் கிடைக்கும் அடையாளம் யாரையும் பிரித்துக் காட்டாது. உங்களுடைய 11 சான்றிதழும் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். உங்களிடம் திறமை இல்லை என்று நினைக்காதீர்கள். இருப்பதை அந்தக் காகிதங்கள் காட்டவில்லை, அவ்வளவுதான்.

என் நண்பர் ஒருவர் சின்ன மென்பொருள் குழு வைத்திருக்கிறார். அவர் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சான்றிதழ் பட்டியல் வந்ததும் அவர் கை நிற்காமல் கீழே நகர்ந்தது. புரோகிராம்களைப் போட்டுவைக்கும் தளமான கிட்ஹப்பின் முகவரி கண்ணில் பட்டதும்தான் நின்றது. திறந்தார். புரோகிராமைக்கூட முதலில் பார்க்கவில்லை, எந்தத் தேதியில் என்ன மாற்றம் செய்தார்கள் என்ற பட்டியலைத்தான் பார்த்தார். ஒருவர் 40 ஃபைல்களை ஒரே நாளில் ஏற்றியிருந்தார், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூடிவிட்டார். இன்னொருவர் மூன்று மாதமாக வாரத்துக்கு நாலைந்து முறை ஏதாவது மாற்றியிருந்தார். அதில் ஒரு குறிப்பு: 'தேதி தலைகீழாக வந்தால் கூட்டல் தப்பாகிறது, சரிசெய்தேன்.' நண்பர் அந்த ஒரு வரியைக் காட்டி, "இவரைக் கூப்பிடணும்" என்றார். அவரிடம் எத்தனை சான்றிதழ் இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்காத ஒரு சொத்து உங்களிடம் இருக்கிறது. நீங்கள் கணக்குப் பிரிவு ஆள். வங்கி அறிக்கையையும் உங்கள் பேரேட்டையும் மாதக் கடைசியில் ஒப்பிட்டு, எது பொருந்தவில்லை என்று தேடி எத்தனை இரவு உட்கார்ந்திருப்பீர்கள்! அந்த வேலையைச் செய்யும் ஒரு பைத்தான் புரோகிராம் எழுதுங்கள். இரண்டு ஃபைல்களைப் படிக்கட்டும், தொகையையும் தேதியையும் வைத்துப் பொருத்தட்டும், மீதியைத் தனியாகக் காட்டட்டும். எழுத ஆரம்பித்தால்தான் சிக்கல் தெரியும். 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஒரே தொகை ஒரே நாளில் இரண்டு முறை வந்தால் எது எதற்கு ஜோடி? காசோலை கொடுத்தது ஒரு நாள், வங்கியில் கழிந்தது வேறொரு நாள் என்றால் எத்தனை நாள் வித்தியாசம் வரை ஏற்பது? கணினி அறிவியல் மட்டும் படித்த ஒருவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றவே தோன்றாது. உங்களுக்கு விடையும் தெரியும். அதை நேர்காணலில் பத்து நிமிடம் நிதானமாகச் சொன்னாலே போதும், எதிரே இருப்பவருக்கு நீங்கள் யார் என்று புரிந்துவிடும். ஒன்றே ஒன்று: அலுவலகத்தின் உண்மையான தகவல்களை வெளியே போடாதீர்கள். கற்பனைப் பெயர்கள், கற்பனைத் தொகைகள் போதும்.

அப்படியானால் படிப்புக்குப் பணமே கொடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய பாடங்களின் கணக்கை ஆராய்ந்து, 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் சேர்ந்த எல்லோரிலும் பாடத்தை முடித்தவர்கள் 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியவர்கள்தான். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். முடிக்கும் எண்ணம் உள்ளவர்தான் பணம் கட்டுவார் என்பதால் எல்லாப் பெருமையும் பணத்துக்குப் போகாது. ஆனாலும் கட்டிய காசு வீணாகக் கூடாது என்று உட்கார்ந்து முடிக்கும் பழக்கம் நம் பலருக்கும் உண்டு. அதற்காக ஒரு சின்னத் தொகை கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அது உங்கள் ஒழுங்குக்குக் கொடுக்கும் விலை. அதற்கு ஐந்து மாதச் சம்பளம் தேவையில்லை. இன்னொன்றும் பாருங்கள்: பணம் கட்டியவர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்கள் முடிக்கவில்லை. நீங்களோ 11 முடித்தவர். முடிப்பது உங்கள் பிரச்சினையே இல்லை.

பாடத்துக்கு நல்ல இலவச வழிகள் இருக்கின்றன. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தை எல்லாப் பயிற்சிகளையும் இறுதித் திட்டத்தையும் செய்து முடித்தால் ஹார்வர்டே இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. அதே பாடத்துக்கு எட்எக்ஸ் வழியாகப் பணம் கட்டி வாங்குவது தனி. பயிற்சிகள் கடினம், அதனால்தான் அதற்கு மரியாதை. ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளம் 2014-லிருந்து இலவசமாகவே கற்றுத் தந்து சான்றிதழும் கொடுக்கிறது. கோர்ஸெரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் கட்டணம் கட்ட முடியாதவர்கள் நிதி உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம், பலருக்கு இது தெரிவதில்லை. உங்கள் மேலாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கணக்குப் பிரிவுக்கு ஆட்டோமேஷன் கற்றுவருகிறேன் என்றால் நிறுவனமே கட்டணத்தைக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் எத்தனை மாதம் வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் அந்த ஆறு மாதப் பயிற்சி மனதை உறுத்தினால் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது சரி, பாடம் நடத்துவது அதன் ஆசிரியர்களா? அந்தப் படிப்பை அதே பல்கலைக்கழகம் தன் பட்டப்படிப்புக்கான பாடமாகக் கணக்கில் (கிரெடிட்) ஏற்குமா? ஏற்காது என்றால் நீங்கள் வாங்குவது பெயர் மட்டும். இரண்டாவது வாரத்தில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும்? கடன் கொடுப்பது பயிற்சி நிறுவனமா, வேறொரு நிதி நிறுவனமா? வேறொன்று என்றால் பயிற்சி பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

வேலை கிடைத்தவர்கள் 85 சதவீதம் என்பது போல ஏதாவது சொன்னால், மொத்தம் எத்தனை பேரில் என்று கேளுங்கள். இடையில் நின்றவர்கள் அதில் உண்டா, பகுதிநேர வேலையும் சேர்த்தியா? இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024-ல் ஒரு கோடிங் பள்ளி மீது நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்தில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று சொல்லியிருந்த பள்ளியின் உள் கணக்கு 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது என்றது அந்த அமைப்பு. சம்பளத்தில் பங்கு தரும் ஒப்பந்தத்தைக் 'கடனே இல்லை' என்று சொல்லி விற்றதும் குற்றச்சாட்டில் ஒன்று. சம்பாதித்த பிறகு கட்டினால் போதும் என்று யாராவது சொன்னாலும் அது கடன்தான் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

இருக்கும் 11 சான்றிதழ்களில், போகும் வேலைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இரண்டை மட்டும் விண்ணப்பத்தில் வையுங்கள், அதுவும் கடைசியில். எஸ்கியூஎல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மற்றவற்றின் பிடிஎஃப் பிரதிகளை உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சரிபார்க்கும் இணைப்பு அந்தந்த நிறுவனம் இருக்கும்வரைதான். மாதச் சந்தா எதுவும் தானாகப் புதுப்பிக்கும்படி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இன்றே வங்கி அறிக்கையில் பாருங்கள். இரண்டு வருடமாகப் படிக்கிறீர்கள், ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்.

பணத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். அந்தத் தவணைக்குச் சம்பளத்தில் கால் பங்கு கொடுக்கத் தயாராக இருந்தீர்கள், அப்படித்தானே? அதே கால் பங்கை நான்கு மாதம் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு மாதச் சம்பளம் சேர்ந்துவிடும். உங்கள் காப்பு நான்கிலிருந்து ஐந்து மாதத்தைத் தாண்டும். அதே நான்கு மாதத்தில் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கினால் ஏறக்குறைய 140 மணி நேரம், அந்த வங்கிப் பொருத்தும் புரோகிராமுக்கு அது தாராளம். முடிந்ததும் பத்து இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். கணக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் ஆரம்பியுங்கள். நேர்காணலில் திரும்பத் திரும்ப ஒரே பாடத்தில் தடுமாறினால், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பணம் கொடுத்துப் படியுங்கள், கையில் இருக்கும் காசில். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், எந்தக் கேள்வியில் தடுமாறினீர்கள் என்பதையும் சேர்த்து.