பள்ளிப் பத்திரிகைக்குப் பதிவும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம்

கேள்வி: நான் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மாதம் ஒரு பத்திரிகை கொண்டுவர ஆசை. நிருபர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். டெல்லியில் பதிவு செய்யாவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமாம். பன்னிரண்டாயிரம் கொடுத்தால் பதிவை முடித்து, பிள்ளைகளுக்கு ‘பிரஸ்’ அட்டையும் போட்டுத் தருவாராம். பிள்ளைகள் எழுதிய முதல் செய்தியே, கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்பது. தலைமை ஆசிரியர் பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பழைய 1867-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2024 மார்ச் 1 முதல் பத்திரிகைப் பதிவுக்குப் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் செய்திகளையும் அவற்றைப் பற்றிய கருத்துகளையும் குறிப்பிட்ட இடைவெளியில் அச்சிட்டு வெளியிடும் இதழ்களுக்கானது அது. பிள்ளைகள் சார்ட் பேப்பரில் கையால் எழுதி வராந்தாவில் ஒட்டும் பத்திரிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வகுப்புக்கு ஒன்றாகக் கொடுக்க ஜெராக்ஸ் எடுத்தாலும் கவலை வேண்டாம், ஜெராக்ஸை அச்சடிப்பாக அந்தச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. பதிவு தேவைப்படும் உண்மையான பத்திரிகைக்குக்கூட, பதியாமல் நடத்தினால் முதலில் வருவது அபராதமும் நிறுத்தச் சொல்லும் உத்தரவும்தான். உத்தரவு வந்து ஆறு மாதமாகியும் நிறுத்தாவிட்டால்தான் சிறை என்ற பேச்சே. விண்ணப்பமும் ஆன்லைனில் நாமே போடலாம். புரோக்கருக்கு இங்கே வேலையே இல்லை.

பதிவை விட ஆபத்து அந்த அட்டைதான். பதிமூன்று வயதுப் பிள்ளையின் கழுத்தில் ‘பிரஸ்’ என்று தொங்கவிட்டால் அது எதைக் கற்றுக்கொள்ளும்? அட்டையைக் காட்டி மிரட்டிப் பிழைப்பவர்களைப் பற்றி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே கடுமையாகப் பேசியிருக்கிறது. அதே கூட்டம் இப்போது ‘மாணவ நிருபர் பயிற்சி’, ‘இளம் பத்திரிகையாளர் விருது’ என்று பள்ளிப் படியேறுகிறது. கட்டணம், அட்டை, சான்றிதழ் என்று யார் வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். நிருபர் ஆக ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய சட்டம் வேறு. அதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை, குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தை – விசாரணைக்கு வந்த இவர்களில் யாருடைய பெயரையும், முகவரியையும், பள்ளியையும், அடையாளம் காட்டும் வேறு விவரத்தையும் வெளியிடக் கூடாது. பெரிய பத்திரிகை மட்டுமல்ல, செய்தித் துண்டுத்தாள், வேறு எந்தத் தகவல் வடிவமும் இதில் அடங்கும். உங்கள் சார்ட் பேப்பரும்தான். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றமென்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 23 இன்னும் கடுமையானது.

நல்லெண்ணத்தில்தான் இங்கே பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ‘நம் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு நடக்கவிருந்த திருமணம் தடுக்கப்பட்டது’ என்று பெருமையாக எழுதத் தோன்றும். பெயர் போடவில்லையே என்பீர்கள். ஒன்பதாம் வகுப்பில் இருப்பதே பதினாறு பெண்கள் என்றால், யார் ஒரு வாரமாக வரவில்லை என்று ஊருக்கே தெரியாதா? பாராட்டி எழுதினாலும் தப்புதான். முகத்தை மறைத்துப் படம் போட்டாலும், ‘கோயில் தெருவைச் சேர்ந்த’ என்று எழுதினாலும் தப்புதான். அந்தச் செய்தியை விட்டுவிட்டு, பெண்ணின் திருமண வயது 18, உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 என்று ஒரு கட்டம் போடுங்கள். அது போதும்.

கழிப்பறைச் செய்திக்கு வருகிறேன். போடுங்கள், ஆனால் செய்தியாகப் போடுங்கள். ‘கழிப்பறை எப்போதும் நாறுகிறது’ என்பது புகார். ‘திங்கள் முதல் வெள்ளி வரை காலை இடைவேளையில் குழாயைத் திறந்து பார்த்தோம். மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுது, ஊராட்சிக்கு எழுதியிருக்கிறோம் என்றார் தலைமை ஆசிரியர்’ என்பது செய்தி. இரண்டு பிள்ளைகளை நோட்டோடு அவரிடமே அனுப்புங்கள். தன் பதிலும் வருகிறது என்று தெரிந்தால் அவர் பயம் பாதி குறையும். மீதிப் பயம் அவருடையதல்ல, மேலிருந்து வருவது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் படம் கேட்கும் நிர்வாகம், பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று ஒருநாளும் கேட்பதில்லை. எழுதியது வெளியே தெரிந்தால் மட்டும் விளக்கம் கேட்கிறது. இந்த நிலை மாறும்வரை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்திரிகை பற்றி ஒரு தீர்மானம் எழுதி வாங்கி வையுங்கள். தனியாக மாட்ட மாட்டீர்கள்.

எழுதுவதற்கு முன்னால் சரிபார்க்கவும் பழக்குங்கள். நல்ல பாடம் ஐப்பசி, கார்த்திகையில் தானாகவே வந்துவிடும்: ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று சேனல் லோகோவோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் நியூஸ் கார்டு. தேதி இருக்கிறதா, எந்த மாவட்டம், ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்கிறதா, அந்தச் சேனலின் மற்ற கார்டுகளில் இதே எழுத்துருவா என்று பிள்ளைகளே தேடட்டும். பெரிய பிள்ளைகளுக்கு 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்களைச் சொல்லுங்கள். சம்பந்தமில்லாத சம்பவங்களின் காட்சிகளை ஒட்டவைத்துப் பரப்பியதில் எத்தனை தொழிலாளர்கள் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள்! கேரளத்தில் 2024-இல் ஐந்து, ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பதைச் சேர்த்துவிட்டார்கள். நமக்கும் அப்படி ஒரு நிரந்தரப் பாடவேளை வேண்டுமென்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. அது வரும்வரை இலக்கிய மன்ற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ‘தேன்சிட்டு’ மாணவர் இதழுக்கும் படைப்புகளை அனுப்புங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் இதழில் நான்கு செய்தி போதும். ஒவ்வொன்றின் கீழும் எழுதிய பிள்ளையின் பெயர் இருக்கட்டும், யாரிடம் கேட்டு எழுதியது என்பதும் இருக்கட்டும். பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதென்றால், பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே போடுங்கள்.