பீட்ரூட் சாலட்: புளிப்பு முதலில், உப்பு கடைசியில்

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "காலையில் பீட்ரூட்டைத் துருவி வெங்காயம், உப்பு, எலுமிச்சை சேர்த்து சாலட் செய்கிறேன். டப்பாவில் கட்டிக் கொடுத்தால் மதியம் சிவப்புத் தண்ணீரில் மிதக்கிறது. மண் வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். இதைப் பச்சையாகச் சாப்பிடலாமா, வேகவைக்க வேண்டுமா? மாமியாருக்கு பிரஷர் உண்டு. கணவருக்குப் போன வருடம் சிறுநீரகக் கல் வந்து போனது. எல்லோரும் சாப்பிடலாமா?"

முதலில் அந்தத் தண்ணீர். கருவாடு போடுகிற ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மீனைக் கீறி உப்பைத் தடவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் நீர் கட்டுகிறது அல்லவா? பீட்ரூட்டிலும் அதேதான் நடக்கிறது. துருவும்போது அதன் செல்கள் பாதி உடைந்துவிடுகின்றன, மீதியில் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. சிவப்பு நிறம் நீரில் கரையக்கூடியது என்பதால் அதுவும் கூடவே வந்துவிடும். அதனால் உப்பு சாப்பிட உட்காரும்போதுதான். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைகிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

எலுமிச்சையை மட்டும் துருவியவுடனே பிழியுங்கள். இதற்கு இரண்டு காரணம். பீட்ரூட்டின் நிறம் லேசான புளிப்பில் நன்றாக நிற்கும், காரத்தன்மையில் மங்கி மஞ்சளாகும். வேகவைக்கும்போது நிறம் பழுப்படித்தால் போர் தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்து உவர்நீரில் ஒரு மூடி எலுமிச்சை பிழிந்து வேகவைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது காரணம், பிள்ளைகள் சொல்லும் மண் வாடை. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அந்த வாடைக்குக் காரணமான பொருளின் பெயர் ஜியோஸ்மின். காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது வருமே, அந்த வாசனையிலும் இருப்பது இதுவேதான். மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் மனித மூக்கு பிடித்துவிடும். புளிப்பு பட்டால் இது குறையும். தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும் அதிகம் இருப்பதால் தோலைக் கொஞ்சம் தடிமனாகவே சீவுங்கள். சத்து போய்விடும் என்று மெல்லிசாகச் சுரண்டிவிட்டு, கடைசியில் முழுத் தட்டையும் கொட்டுவதில் என்ன லாபம்?

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். நம் ஊருக்குப் பீட்ரூட் பெரும்பாலும் ஒட்டன்சத்திரம், மதுரை மாட்டுத்தாவணி சந்தைகளைக் கடந்துதான் வருகிறது. வந்து சேரும்போதே ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். கைக்குள் அடங்கும் அளவில், அழுத்தினால் கல் மாதிரி இருப்பதை எடுங்கள். பெரிய கிழங்கில் நார் இருக்கும். இலையோடு கிடைத்தால் வீட்டுக்கு வந்ததும் ஒரு விரற்கடை காம்பு விட்டு இலையை நறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் வாடியிருந்தால் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைத்தால் நிமிர்ந்துவிடும். பச்சையாகச் சாப்பிடப் போவதால் மண் போக நன்றாகத் தேய்த்துக் கழுவி, கடைசி அலசலைக் குடிதண்ணீரில் செய்யுங்கள். தொட்டித் தண்ணீரில் கழுவியதோடு விட்டுவிடாதீர்கள்.

சரி, செய்முறை. நான்கு பேருக்கு நடுத்தர அளவில் இரண்டு பீட்ரூட் போதும், 200 கிராம் வரும். துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். சின்னக் கண்ணில் துருவினால் கூழாகிவிடும். உடனே அரை மூடி எலுமிச்சை பிழிந்து கிளறி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் ஐந்தாறு சின்ன வெங்காயம் நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் துருவிக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்ததும் முண்டு மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலை தாளித்து, ஆறியதும் கொட்டுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரம் பீட்ரூட்டின் இனிப்புக்குச் சரியான ஜோடி என்பது என் கட்சி. பச்சை மிளகாய் போட்டால் காரம் தனியாக நிற்கிறது. தட்டில் வைக்கும்போது கால் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான்.

பொரித்த சூடை மீனுக்குப் பக்கத்தில் இந்த சாலட்டை வைத்துப் பாருங்கள், வேறு எதுவும் வேண்டாம். மீனும் தயிரும் சேர்க்காத வீடுகளில் மீன் நாளில் இந்த எலுமிச்சைப் பதம். கறி நாளிலும் பிரியாணி நாளிலும் தயிர்ப் பதம்: பீட்ரூட்டைத் தோலோடு, வாலையும் காம்பையும் வெட்டாமல் குக்கரில் நான்கு விசில் விட்டு, ஆறியதும் தோலை உரித்துப் பொடியாக நறுக்கிக் கெட்டித் தயிரில் கலக்க வேண்டும். முன்கூட்டியே வெட்டினால் நிறம் முழுக்கக் குக்கர் தண்ணீருக்குப் போய்விடும். பிள்ளைகளை இந்த ரோஜா நிறப் பச்சடியிலிருந்து ஆரம்பியுங்கள். வெந்தால் இனிப்பு தூக்கலாகத் தெரியும், வாடையும் அடங்கும். பழகிய பிறகு பச்சையாகக் கொடுக்கலாம். பச்சையா வேகவைத்ததா என்றால் இரண்டும் சரிதான். ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேகும்போது கொஞ்சம் குறையும், வயிற்றுக்கு வெந்தது லேசு.

டப்பாவுக்குத் தேங்காய் வேண்டவே வேண்டாம். நம் கடற்கரைப் புழுக்கத்தில் பச்சைத் தேங்காய் மதியத்துக்குள் ஊசிப்போகும். எலுமிச்சை பிழிந்த துருவலை மட்டும் கட்டிவிட்டு, உப்பையும் வறுத்த வேர்க்கடலையையும் சின்னப் பொட்டலமாகத் தனியே கொடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. காலையிலேயே உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, விட்ட நீரைப் பிழிந்துவிட்டுக் கட்டுங்கள். விட வேண்டிய நீரை ஏற்கனவே விட்டுவிட்டதால் மதியம் அதிகம் மிதக்காது. பிழிந்த நீரை மோரில் கலந்து நீங்கள் குடித்துவிடலாம்.

மாமியார் தாராளமாகச் சாப்பிடலாம். பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டை வாயில் உள்ள பாக்டீரியாக்கள் மாற்றிக் கொடுக்க, அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது. அது ரத்தக் குழாயைத் தளர்த்தும். பிரஷர் ஓரளவு இறங்கும். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. இன்னொன்று, அதே தட்டில் கருவாடும் ஊறுகாயும் இருந்தால் பீட்ரூட் பாவம், என்ன செய்யும்?

கணவர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பீட்ரூட்டில் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம், அதன் கீரையிலும் அப்படியே. வந்தது கால்சியம் ஆக்சலேட் கல் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அவர் அனுமதித்தால் எப்போதாவது, சிறிய அளவில், தயிரோடு. தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், சிறுநீரகம் வரை போவது குறையும். நாள் முழுக்கத் தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொட்டாசியமும் பிரச்சினை; 100 கிராமில் சுமார் 325 மில்லிகிராம் இருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "சிவப்பாக இருக்கிறது, ரத்தம் ஊறும்" என்று பிள்ளைகளுக்கு ஊட்டுகிறவர்கள் நிறைய. 100 கிராமில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ரத்தசோகைக்கு இதை நம்பி உட்கார வேண்டாம். ஃபோலேட்டுக்கு நல்ல காய், அது உண்மை. அதேபோல, சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம். பத்தில் ஒருவருக்காவது அப்படி ஆகும், ஓரிரு நாளில் தெளிந்துவிடும். பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்தால், அல்லது ஓரிரு நாளில் தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். உங்கள் கணவருக்கு முன்பே கல் வந்திருப்பதால் அவரிடம் இந்த வித்தியாசத்தை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. பீட்ரூட்டின் காட்டு மூதாதை ஐரோப்பாவின் கடலோரங்களில் முளைக்கும் ஒரு செடி. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் தடித்த இலையோடு நிற்கும் உமரியும் அதே குடும்பம்தான். உப்புக் காற்றுக்குப் பிறந்த காய், உங்கள் டப்பாவில் ஒரு சிட்டிகை உப்புக்கு இப்படி அழுகிறது.

துருவும் முன் கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை ஒட்டாது. ஒட்டிவிட்டால் பிழிந்த எலுமிச்சை மூடியில் கொஞ்சம் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.