பேச்சு வானொலி நெறியாளர்களும் நேயர் கணக்கும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் நடுமேற்கில் உள்ள ஒரு பேச்சு வானொலி நிலையத்தின் விளம்பரப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நேயர் கணக்கை விரித்து வைத்து விளம்பர நேரத்தை விற்பதே என் பணி. அந்தக் கணக்கைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கோவை உறுப்பினர்): அமெரிக்காவின் வலதுசாரிப் பேச்சு வானொலி நெறியாளர் ரஷ் லிம்பாவுக்கு வாரத்துக்கு ஒன்றரைக் கோடி நேயர்கள் இருந்தார்கள் என்று படித்தேன். அத்தனை பேரையும் யார் எண்ணினார்கள்?

யாரும் எண்ணவில்லை. அது ஒரு மதிப்பீடு. பேச்சு வானொலித் துறைக்கென்றே வெளிவரும் ‘டாக்கர்ஸ்’ இதழ், சில நகரங்களின் நேயர் கணக்கையும் பிற குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்து அந்த எண்ணைத் தந்தது. நேயர் ஆய்வு நிறுவனம் நகரம் நகரமாக நிலையங்களைத்தான் அளக்கிறது. ஒரே நிகழ்ச்சி அறுநூறு நிலையங்களில் ஒலிக்கும்போது, சில ஊர்களில் நேரலையாகவும் சில ஊர்களில் சில மணி நேரம் தள்ளியும் போகும்போது, அதை நாடு முழுவதற்குமான ஒற்றை எண்ணாகத் திரட்டுவது ஒட்டுப்போட்ட வேலையாகத்தான் இருக்க முடியும்.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த ஒன்றரைக் கோடி என்பது, துறையில் ‘கியூம்’ என்று சொல்லப்படும் தலைக்கணக்கு. வாரத்தில் ஒரே ஒரு முறை ஐந்து நிமிடம் கேட்டவரும் அதில் ஒருவர், ஐந்து நாளும் மூன்று மணி நேரம் காதை எடுக்காமல் கேட்டவரும் அதில் ஒருவர். எந்த ஒரு நொடியிலும் ஒன்றரைக் கோடிப் பேர் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. விளம்பரதாரருக்குத் தேவைப்படுவது வேறோர் எண். ஒரு கால்மணி நேரத்தில் சராசரியாக எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே அது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், அதாவது அறுபது கால்மணிகள் ஒலிபரப்பாகும் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சராசரிக் கால்மணி நேயர்கள் 20,000 பேர். முதல் நெறியாளரின் தலைக்கணக்கு 1,00,000, இரண்டாமவருடையது 60,000. முதலாமவரை ஒரு நேயர் வாரத்துக்கு மூன்று மணி நேரம் கேட்கிறார், இரண்டாமவரை ஐந்து மணி நேரம். செய்தித்தாள் முதலாமவரைத்தான் பிரபலம் என்று எழுதும். ஆனால் எந்தக் கால்மணியில் விளம்பரம் போட்டாலும் இருவரிடமும் அதே 20,000 பேர்தான் இருப்பார்கள். என்னைக் கேட்டால், விட்டுப் போகாமல் உட்கார்ந்து கேட்பவர்களை உடைய இரண்டாமவரே வலுவான நெறியாளர்.

கேள்வி (சேலம் உறுப்பினர்): ரேட்டிங் என்பதும் பங்கு என்பதும் ஒன்றுதானா?

இல்லை. பத்து லட்சம் மக்கள் உள்ள ஊரில், ஒரு கால்மணியில் ஒரு லட்சம் பேர் ஏதோ ஒரு வானொலியைக் கேட்கிறார்கள், அவர்களில் 5,000 பேர் உங்கள் நிலையத்தில் இருக்கிறார்கள் என்றால், உங்கள் பங்கு (வானொலி கேட்பவர்களில்) 5 சதவீதம், ரேட்டிங் (ஊர் மக்கள் அனைவரிலும்) 0.5 சதவீதம். நிலையங்கள் வெளியே பெருமையாகச் சொல்வது எப்போதும் பங்கைத்தான்.

கேள்வி (டல்லாஸ் உறுப்பினர்): டைரி முறை என்கிறார்களே, அது எப்படி நடக்கும்?

நேயர் ஆய்வு நிறுவனமான ஆர்பிட்ரான் பல பத்தாண்டுகள் இந்த முறையில்தான் வானொலியை அளந்தது. 2013-இல் நீல்சன் அதை வாங்கிய பிறகும் சிறிய நகரங்களில் டைரி தொடர்ந்தது. தேர்ந்தெடுத்த வீட்டில் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் கையடக்கமான ஒரு சிறு புத்தகம் தபாலில் வரும், கூடவே அன்பளிப்பாகச் சில டாலர் நோட்டுகள் இருக்கும். வியாழக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடிய ஒரு வாரம், எப்போது கேட்கத் தொடங்கினோம், எப்போது நிறுத்தினோம், எந்த நிலையம், வீட்டிலா காரிலா வேலையிடத்திலா என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கடைசியில் கருத்து எழுத வெற்றிடம் உண்டு.

மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியா நகரில், திரும்பி வந்த டைரிகளை நிலையத்தார் நேரில் போய்ப் புரட்டிப் பார்க்க வழி இருந்தது. நானும் போயிருக்கிறேன். ஒரு டைரியில் நிலையத்தின் பெயரும் இல்லை, அலைவரிசை எண்ணும் இல்லை. ஐந்து நாளும் ‘ரஷ்’ என்று மட்டும் நடுங்கும் கையெழுத்தில் எழுதி, நண்பகலிலிருந்து மூன்று மணி வரை மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்திருந்தது. வயது கட்டத்தில் எழுபதைத் தாண்டிய எண். அந்த ஊரில் அவரை ஒலிபரப்பிய நிலையத்துக்கு அந்த மணிநேரங்கள் முழுவதும் வரவு வைக்கப்பட்டன. பேச்சு நெறியாளரின் பலம் எங்கே இருந்தது என்பதை அந்தக் கோடு எனக்குப் புரியவைத்தது. பாட்டு நிலையத்தை யாரும் அப்படி நினைவில் வைத்து எழுதுவதில்லை. ஆனால் அந்த முதியவர் மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமலா கேட்டிருப்பார்? டைரி பதிவு செய்தது கேட்டதை அல்ல, கேட்டதாக நினைவில் நின்றதை.

கேள்வி (சென்னை உறுப்பினர்): டைரிக்குப் பதிலாக நேயர்களை அளக்கும் கருவி வந்த பிறகு என்ன மாறியது?

பி.பி.எம். (போர்ட்டபிள் பீப்பிள் மீட்டர்) என்ற, நேயர் தன்னோடு எடுத்துச் செல்லும் அந்தக் கருவி தொடக்கத்தில் பேஜர் அளவில்தான் இருந்தது. ஒவ்வொரு நிலையமும் தன் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்பும், கருவி அதைப் பிடித்துப் பதிந்துகொள்ளும். 2007-இல் ஃபிலடெல்ஃபியாவிலும் ஹூஸ்டனிலும் தொடங்கி, பிறகு பெரிய நகரங்கள் 48-இல் நடைமுறைக்கு வந்தது. உடனே இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. கடையிலும் முடிதிருத்தகத்திலும் தற்செயலாகக் காதில் விழுந்ததும் பதிவானதால் தலைக்கணக்கு கூடியது. டைரியில் இழுத்த நீளக் கோடுகள் துண்டு துண்டானதால் கேட்கும் நேரம் குறைந்தது. நீளக் கோட்டையே நம்பியிருந்த பேச்சு நிலையங்களுக்கு இது பேரிடி.

அதோடு தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றும் சேர்ந்தது. குறியீடு, நிகழ்ச்சியின் ஒலிக்குள் மறைந்து போக வேண்டும். தாளமும் இசையும் இடைவிடாமல் ஒலிக்கும் பாட்டில் அது நன்றாக ஒளிந்துகொள்ளும். பேச்சில், அதிலும் மெல்லிய குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுபவரின் இடைவெளிகளில், ஒளிந்துகொள்ள ஒலியே இருக்காது. இந்தக் குறையைச் சரிக்கட்ட, குறியீட்டை வலுவாக்கும் ‘வோல்டேர்’ என்ற பெட்டியைப் பல நிலையங்கள் வாங்கின. அது 2015-இல் பெரும் சர்ச்சையாகி, நீல்சனே தன் குறியீட்டு முறையை வலுப்படுத்தியது. பேச்சுக்கு உயிர் கொடுப்பதே நிறுத்தம் என்று நம்புகிறவன் நான். கருவிக்குப் பயந்து ஒரு நெறியாளர் மூச்சுவிடாமல் பேச வேண்டிய நிலை வந்ததை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு கால்மணியில் ஐந்து நிமிடம் கேட்டால்தான் கணக்கில் வரும். கருவி உள்ள நகரங்களில் 2025 ஜனவரி முதல் மூன்று நிமிடமே போதும் என்று விதி மாறியது. ஆகவே அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வைத்து, நெறியாளர் வளர்ந்துவிட்டார் என்று எழுதுவது தவறு.

கேள்வி (திருச்சி உறுப்பினர்): லிம்பா அவ்வளவு உயரத்துக்குப் போனது திறமையாலா, காலம் கூடி வந்ததாலா?

இரண்டாலும்தான். எழுபதுகளின் இறுதியில் இசை நேயர்கள் பண்பலைக்கு இடம் பெயர்ந்தார்கள். மத்திய அலை நிலையங்கள் நிரப்ப ஆளில்லாத மணிநேரங்களோடு நின்றன. சர்ச்சைக்குரிய பொருளில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் இருந்த விதியை, தகவல் தொடர்பு ஆணையம் 1987-இல் நீக்கியது. சாக்ரமெண்டோவின் கே.எஃப்.பி.கே. நிலையத்தில் 1984 முதல் பேசி வந்த லிம்பா, 1988 ஆகஸ்ட் 1 அன்று நாடு தழுவிய நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அவரை ஏற்றுக்கொண்ட நிலையங்கள் 56 மட்டுமே. நிகழ்ச்சியைக் காசில்லாமல் எடுத்துக்கொள், பதிலுக்குச் சில நிமிட விளம்பர நேரத்தை எங்களுக்கு விடு என்ற பண்டமாற்று ஏற்பாடு, நண்பகலில் ஆள் வைத்துப் பேசவைக்க வசதியில்லாத சிறு நிலையங்களுக்குப் பெரிய வரமாக இருந்தது. ஆனாலும் அதே கதவு எல்லோருக்கும்தான் திறந்திருந்தது. விருந்தினர் இல்லாமல், அழைப்பாளர்களைப் பெரிதும் நம்பாமல், தனி ஆளாக மூன்று மணி நேரம் பிடித்து வைத்திருக்க அவரால் முடிந்தது. அவருடைய அரசியல் எனக்கு உடன்பாடு அல்ல. அந்தத் திறமையை மறுத்தால் நான் கற்ற தொழிலுக்கு உண்மையாக இருக்க முடியாது.

கேள்வி (பெங்களூரு உறுப்பினர்): லிம்பாவின் எதிர்முகாமான இடதுசாரிகளின் ‘ஏர் அமெரிக்கா’ வானொலி வலையமைப்பு ஏன் நிலைக்கவில்லை?

2004 மார்ச் 31-இல் தொடங்கி 2010 ஜனவரியில் மூடப்பட்டது. பணம் தொடக்கத்திலிருந்தே தட்டுப்பாடு, 2006-இல் திவால் மனுவே கொடுத்தார்கள். கிடைத்த நிலையங்களில் பலவற்றின் அலைவீச்சு குறைவு. அந்த முகாமின் மக்களில் பெரும்பகுதியினர் பொது வானொலியான என்.பி.ஆரைக் கேட்டுப் பழகியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அங்கிருந்து வந்த ஆல் ஃபிராங்கன் செனட்டர் ஆனார், ரேச்சல் மேடோ தொலைக்காட்சியில் முன்னணிக்கு வந்தார். வலையமைப்பு தோற்றது, நெறியாளர்கள் தோற்கவில்லை.

கேள்வி (மதுரை உறுப்பினர்): நேயர்கள் நிறைய இருந்தும் விளம்பரம் குறைவது எப்படி?

விற்பனை மேசையில் நான் அன்றாடம் பட்ட பாடு இது. விளம்பர நிறுவனங்கள் கேட்பது 25 முதல் 54 வயது வரையிலான நேயர்களை. அரசியல் பேச்சின் நேயர்களில் பெரும்பகுதி அதற்கு மேற்பட்டவர்கள். ஊரிலேயே முதலிடம் என்ற அறிக்கையோடு போவேன், வயதுக் கட்டத்தைப் பார்த்தவுடன் அந்தப் பக்கம் கோப்பு மூடப்படும். இரண்டாவது காரணம் பயம். 2012-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவி ஒருவரை லிம்பா இழிவாகப் பேசினார். பின்னர் மன்னிப்புக் கேட்டபோதிலும் விளம்பரதாரர்கள் வரிசையாக விலகினார்கள். நேயர்கள் விலகவில்லை. அதன் பிறகு, அரசியல் பேச்சு எதிலும் எங்கள் விளம்பரம் வேண்டாம் என்ற பட்டியலோடு வருபவர்கள் பெருகினார்கள். சொல்லின் காயத்தை யாருக்கும் தெரியாமல் விலை போட்டு வசூலிப்பது விளம்பரச் சந்தைதான்.

கேள்வி (தஞ்சை உறுப்பினர்): இந்தியாவில் இத்தகைய நெறியாளர்கள் ஏன் இல்லை?

தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அன்றாட அரசியலைத் தொட முடியாத இடத்தில் அரசியல் பேச்சு நெறியாளர் முளைக்க முடியாது.

கேள்வி (நியூ ஜெர்சி உறுப்பினர்): லிம்பாவுக்குப் பிறகு முதலிடம் யாருக்கு?

அவர் 2021 பிப்ரவரி 17-இல் மறைந்தார். அந்த ஆண்டு ஜூனில் கிளே டிராவிஸும் பக் செக்ஸ்டனும் அதே நேரத்துக்கு வந்தார்கள். மதிப்பீட்டுப் பட்டியல்களில் மற்றொரு வலதுசாரி நெறியாளரான ஷான் ஹேனிட்டி முன்னே வந்தார். ஆனால் இன்று இந்த வரிசைக்கு மதிப்புக் குறைவு. பாட்காஸ்டுகளில் எண்ணப்படுவது பதிவிறக்கம், இறங்கியதை ஒருவர் கேட்டாரா என்பது வேறு. பிரபல நெறியாளர் ஹோவர்ட் ஸ்டெர்ன் 2006-இல் செயற்கைக்கோள் வானொலிக்குப் போனபோதே, சந்தாதாரர் எண்ணிக்கைதான் வெளியே காட்டும் முக்கியக் கணக்காகிவிட்டது. மூன்று வகை எண்களை ஒரே பட்டியலில் போட்டு முதலிடம் தேடுவது, படியையும் முழத்தையும் ஒன்றாகக் கூட்டுவது போன்றது.

கேள்வி (அமெரிக்காவில் ஒரு சிறிய நகரத்து உறுப்பினர்): எங்கள் வீட்டுக்கு டைரி வந்திருக்கிறது. நாங்கள் வானொலியே அதிகம் கேட்பதில்லை. திருப்பி அனுப்ப வேண்டுமா?

அவசியம் அனுப்புங்கள், அம்மா. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று குறிக்கவே அதில் இடம் உண்டு, அதுவும் தகவல்தான். இளையவர்களும் குடியேறிய குடும்பங்களும் திருப்பி அனுப்புவது குறைவு என்பதால், வரும் ஒவ்வொரு டைரிக்கும் கூடுதல் எடை போட்டு அந்தப் பிரிவு முழுவதற்கும் கணக்கிடுகிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் காரில் பத்து நிமிடம் கேட்டது, ஊரில் உங்களைப் போன்ற நூற்றுக்கணக்கானோர் கேட்டதாக ஏறும். வீட்டில் யாராவது வானொலி நிலையத்தில் வேலை பார்த்தால் மட்டும் நிரப்ப வேண்டாம். தெரிந்த நிலையம் என்பதற்காகக் கூட்டி எழுதாதீர்கள், இரவில் நினைவிலிருந்து எழுதாமல் கேட்டவுடனே குறித்துவிடுங்கள். தபால்தலை வேண்டாம். புதன்கிழமை இரவு முடித்து வியாழக்கிழமை காலையில் பெட்டியில் போட்டுவிடுங்கள்.