பந்துக்கு விலை வைத்தது யார்?

கேள்வி: மகனுக்கு 15 வயது. முன்பெல்லாம் பின்னேரம் நாலரை மணியானால் கரப்பந்து ஆட ஓடிவிடுவான். மாகாண மட்டத்துக்குத் தெரிவானால் நல்ல போன் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னேன். வலயப் போட்டியிலேயே அணி தோற்றுவிட்டது. இப்போது மைதானப் பக்கமே போகிறானில்லை. அவனை உற்சாகப்படுத்த வேறு என்ன பரிசு கொடுக்கலாம்?
– ஒரு தந்தை, களுவாஞ்சிக்குடி

பதில்: இன்னொரு பரிசா? முதல் பரிசு செய்த வேலை போதாதா ஐயா?

நீங்கள் போன் பேச்சை எடுப்பதற்கு முதல் நாள் வரை அவன் எதற்காக ஆடினான்? யாரும் ஒரு சதம் கொடுக்கவில்லை, ஆனாலும் ஓடினான். நீங்கள்தான் போய் அதற்கு விலை வைத்தீர்கள். அன்றிலிருந்து கரப்பந்து அவனுக்குப் போன் வாங்கும் வழியாகிவிட்டது. வழி அடைபட்டபின் அங்கே அவனுக்கென்ன வேலை? பொடியன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான்.

1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் முதலான மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று சில பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். அப்புறம் பரிசுப் பேச்சே இல்லாத நாட்களில் கவனித்தால், அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். அதே சான்றிதழ் எதிர்பாராமல் கைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி. உங்கள் மகனுக்கு அது கிடைக்கவும் இல்லை.

நம் பக்கத்துக் கொம்புமுறியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணகி அம்மனுக்காக ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கொளுவி வடம்பிடித்து இழுத்த விளையாட்டு. வென்ற சேரிக்குக் கிடைத்ததெல்லாம் தோற்ற சேரியைப் பாட்டிலேயே நக்கலடிக்கும் உரிமைதான். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் அடுத்த முறை கொம்போடு வந்து நின்றார்கள்.

கரப்பந்து 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. ஆனால் அதைப் பார்க்க நான் போட்டிகளுக்குப் போவது குறைவு. பங்குனியில், வேளாண்மை வெட்டிய வயலொன்றில் இரண்டு கம்பு நட்டுப் பழைய மீன்வலையைக் கட்டிச் சில பொடியன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாள் குத்துமென்று ஒருவன் காலில் இரண்டு சோடி சொக்ஸ். எத்தனை புள்ளி என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். ஒருவன் பதினெட்டு என்றான், மற்றவன் பத்தொன்பது என்றான், அதற்கே ஐந்து நிமிடம் சண்டை. இருட்டிப் பந்து தெரியாமல் போனபிறகும் "கடைசி ஒண்டு" என்று சொல்லிச் சொல்லி மூன்று 'கடைசி' ஆடினார்கள். மாகாண மட்டம் என்று அங்கே யாராவது வாய்திறந்திருந்தால் அடி விழுந்திருக்கும்.

சரி, உங்கள் பிள்ளைக்கு வருவோம். அவனுக்குக் கரப்பந்து வெறுத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. வலயத்தில் தோற்றது ஒரு தோல்வி. உங்கள் முன்னால் போனைத் தோற்றது இன்னொன்று. மைதானத்துக்குப் போய்வந்தால் "என்ன, அடுத்த வருசமாவது?" என்று கேட்பீர்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். போன் வாங்கித்தர வசதியிருந்தால் வாங்கிக் கொடுங்கள், பந்தோடு மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். "இண்டைக்குப் பந்தடிக்கப் போகல்லையா மனே?" என்று தினமும் துளைக்கவும் வேண்டாம்.

அவனோடு ஆடும் பொடியன்கள் ஒருநாள் வேலிக்கு வெளியே சைக்கிளில் நின்றுகொண்டு "டேய், ஒராள் குறையுது, வாடா" என்று கத்துவார்கள். அந்த நேரம் நீங்கள் வாசலுக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுங்கள்.