கிராப் பார் முதல் இடுப்பு எலும்பு வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் கிராப் பார் (பிடித்து எழுகிற கம்பி) போட வேண்டும். கடையில் எவர்சில்வர் கிரேடு 202, 304, 316 என்று குழப்புகிறார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர்தானே? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: காந்தத்தை நம்பாதீர்கள். 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 202-ல் விலையைக் குறைக்க நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் அதில் சீக்கிரம் துருப்புள்ளி விழும். 316-ல் மாலிப்டினமும் சேர்வதால் உப்பை நன்றாகத் தாங்கும். கடற்கரை ஊர் என்பதால் 316 கிடைத்தால் அதையே வாங்குங்கள், இல்லையென்றால் 304. எதுவானாலும் கிரேடைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் அதன்மேல் படவே கூடாது, 304-ஐயும் அது அரித்துவிடும்.

ஆனால் கம்பியை விட முக்கியம் சுவர். அம்மா தடுமாறும்போது முழு எடையும் ஒரே நொடியில் அந்த நாலைந்து ஸ்குருவில்தான் இறங்கும். டைல்ஸ், பூச்சு இரண்டையும் தாண்டி ஸ்குரு செங்கல்லுக்குள் ஆழமாகப் போக வேண்டும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை இட்டு ஸ்குருவை இறுக்கிப் பிடிக்க வைப்பது) போடச் சொல்லுங்கள். டைல்ஸைத் துளைக்கும்வரை டிரில்லில் ஹாமர் வேண்டாம், விரிசல் விடும். உள்ளே தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று பிளம்பரைக் கேட்டுவிட்டே துளை போடுங்கள். ஸ்குருவும் எவர்சில்வராகவே இருக்கட்டும்.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதி ஒன்று உண்டு. கம்பிக்கும் சுவருக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி, 250 பவுண்ட் (சுமார் 113 கிலோ) தாங்கும் பலம் என்று அதில் இருக்கிறது, நம் வீட்டுக்கும் அது நல்ல கணக்குதான். இடைவெளி அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். உயரத்தை மட்டும் புத்தகக் கணக்கில் முடிவு செய்யாதீர்கள், அம்மாவை உட்கார்ந்து எழச் சொல்லி, கை இயல்பாகப் போகிற இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

கேள்வி: வாடகை வீடு, சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார். சக்‌ஷன் கப் வைத்து ஒட்டுகிற கைப்பிடி போதுமா? (வாசகர், மதுரை)

பதில்: போதாது. இடுக்கில் காற்று புகுந்தால் சொல்லாமல் கழன்றுவிடும், பிடி இருக்கிறது என்று நம்பிச் சாய்கிறவருக்கு அது இன்னும் ஆபத்து. டவல் ராடும் அப்படித்தான், துண்டின் எடைக்குச் செய்தது. தரையில் நிற்கிற, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள டாய்லெட் ஃபிரேம் வாங்குங்கள். ஓனரிடமும் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள்.

கேள்வி: பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எலும்பியலை எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? (மாணவி, சேலம்)

பதில்: மகேஸ்வரியின் 'எசென்ஷியல் ஆர்த்தோபீடிக்ஸ்' புத்தகத்தில் தொடங்குங்கள். மெலிந்த புத்தகம், இந்திய மாணவர்களை மனதில் வைத்து எழுதியது, முதல் தடவை முழுசாகப் படித்து முடிக்கலாம். ஆப்லியின் பெரிய புத்தகம் அப்புறம். ஆனால் பார், தொடு, அசை என்று அவர் வகுத்த பரிசோதனை வரிசையை இன்றே பழகிக்கொள்ளுங்கள்.

எதைப் படித்தாலும் கையில் ஒரு எலும்பை வைத்துக்கொண்டு படியுங்கள். தொடை எலும்பின் கழுத்து முறிவையே எடுத்துக்கொள்வோம், பாத்ரூமில் விழுகிற பாட்டிகளுக்கு அடிக்கடி வருவது. எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் முக்கியமானவை அந்தக் கழுத்தை ஒட்டியேதான் ஏறுகின்றன. முறிந்து விலகினால் அவையும் அறுந்துபோகலாம், தலைப்பகுதிக்கு ரத்தம் கிடைக்காது. வயதானவர்களுக்குத் திருகாணி போட்டு ஒட்டவைக்காமல் தலையையே மாற்றுவது பெரும்பாலும் இதனால்தான். இது புரிந்துவிட்டால், இந்த முறிவு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பிரிக்கிற கார்டன் வகைப்பாட்டின் நான்கு படிகளும் மனப்பாடம் செய்யாமலே நிற்கும்.

கேள்வி: அப்பா விழுந்தால் உடனே தூக்கி நடக்க வைக்கலாமா? எங்கள் ஊரில் நாட்டுக் கட்டு போடுகிறவர் இருக்கிறார். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கூடாது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு முறிவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இழுக்காதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். காலுக்கு அடியிலும் பக்கத்திலும் தலையணை வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்காமல் இருப்பது நல்லது. நாட்டுக் கட்டு கையில், காலில் வெளியே இறுக்கும், இடுப்பு மூட்டுக்குள் இருக்கிற முறிவை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் பிடித்து நிறுத்த முடியாது. நாள் கடத்தினால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். முடிந்தவர்களுக்கு ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கத்தான் மருத்துவர்கள் பார்ப்பார்கள்.