கேள்வி – பதில்: விட்ஜெட் இன்னும் என்ன போடலாம்?

கேள்வி: நிலாவெளியில் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். எங்கள் இணையத்தளத்தில் வானிலை, பேஸ்புக் பெட்டி, கூகுள் வரைபடம், ஷேர் பட்டன்கள், சாட் பெட்டி என்று கிடைத்த இலவச விட்ஜெட் எல்லாம் போட்டிருக்கிறேன். போனில் திறக்க நேரம் எடுக்கிறது, புக்கிங்கும் குறைவு. இன்னும் என்ன போடலாம்?
– வாசகர், நிலாவெளி

பதில்: போடுவதை அப்புறம் பார்ப்போம் தம்பி, முதலில் கழற்றுங்கள். நீங்கள் ஒட்டுகிற அந்த இரண்டு வரி கோட், பக்கம் திறக்கும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருடைய சர்வரிலிருந்து ஜாவாஸ்கிரிப்டை, அதாவது பிரவுசரில் ஓடும் சின்ன நிரலை, இழுத்து வருகிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவச வேகச் சோதனைப் பக்கத்தில் உங்கள் தள முகவரியைப் போடுங்கள், எந்த விட்ஜெட் இழுத்தடிக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும்.

வேகம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஆபத்தும் இருக்கிறது. பாலிஃபில்.ஐஓ என்று ஒரு இலவச ஸ்கிரிப்ட், பழைய பிரவுசர்களுக்காக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நம்பிப் போட்டிருந்தன. 2024 பெப்ரவரியில் அந்த டொமைன் (இணைய முகவரி) கைமாறியது, ஜூனில் பார்த்தால் அதே ஸ்கிரிப்ட் போனில் வந்தவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறது. தளக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை! ஷேர் பட்டன் தந்த ஆட்திஸ்ஸை ஆரக்கிள் நிறுவனம் 2023 மே 31இல் மூடிவிட்டது, உங்களுடையது அதுதானா என்று பாருங்கள், அதுவென்றால் இன்றே எடுத்துவிடுங்கள்.

வானிலை விட்ஜெட் இன்றைய மழையைத்தான் காட்டும். ஓகஸ்ட்டுக்கு அறை தேடுகிறவர் நவம்பரில் உங்கள் தளத்துக்கு வந்தால், வடகீழ் பருவமழையைப் பார்த்துவிட்டுப் போயே போய்விடுவார். அதைவிட, மே முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதி, புறாத்தீவுக்குப் படகில் போக நல்ல காலம் என்று நீங்களே ஒரு வரி எழுதிவிடலாமே.

சாட் பெட்டியும் வேண்டாம். வாட்ஸ்அப்பே தருகிற கிளிக் டு சாட் இணைப்பு போதும், அது வெறும் லிங்க்தான், ஸ்கிரிப்ட் இல்லை. நம்பரை 94 போட்டுத் தொடங்குங்கள், முன்னால் வரும் 0 வேண்டாம். அந்தப் பூச்சியத்தோடு போட்டால் வெளிநாட்டுக்காரர் அழுத்தும்போது உங்களுக்கு வந்து சேராது. வரைபடம் இருக்கட்டும், ஆனால் பக்கத்தின் அடியில். வரைபடத்தைப் பக்கத்தில் பதிக்கக் கூகுள் தரும் எம்பெட் கோடில் லேசி லோடிங் (வாசகர் அந்த இடத்தை நெருங்கும்போது மட்டும் ஏற்றும் வசதி) ஏற்கனவே உண்டு, சுருக்குகிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள். பேஸ்புக் பெட்டிக்கும் ஒரு லிங்க் போதும்.

கேள்வி: என் சமையல் வலைப்பூ கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கவுண்டர் எது நல்லது?
– வாசகி, கிண்ணியா

பதில்: எதுவும் வேண்டாம் சகோதரி. பிளாகருக்குள்ளேயே புள்ளிவிபரப் பக்கம் இருக்கிறது, அது உங்களுக்கு மட்டும் தெரியும். கவுண்டரில் 14 என்று நிற்பதை வருகிறவர்களுக்குக் காட்டி என்ன காணப்போகிறீர்கள்? கூகுள் சேர்ச் கன்சோலில் வலைப்பூவைச் சேர்த்துவிடுங்கள், இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று அதில் தெரியும், அடுத்து எந்தச் சமையலை எழுதுவது என்பதற்கு அதுதான் உதவும்.